முதல் தர ஏலக்காய்

சென்னை
12 செப்டம்பர் 1937

அன்புள்ள மதினிக்கு,

ஞானம் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். அங்கே நீங்களும் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? லீதியாள் மதுரை விடுதியில் இருந்து லீவுக்கு வந்துவிட்டாளா?

அண்ணனிடம் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். போடிமெட்டுக்கு மேலே இப்போது ஏலக்காய் பறிக்கிற காலம். செடியில் இருந்து அப்போதே பறித்த பழுத்த காய், ஒரு கை அளவு, ஈரப் பாசியில் பொதிந்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதன் விதையை முளைக்க வைத்து, இளம் வேரின் நுனியை மைக்ராஸ்கோப்பில் பார்க்கப் போகிறேன். இத்தனை வருஷம் பெண்களுக்குத் தாவரப் பாடம் சொல்லிக் கொடுத்த பிறகு, சொந்தமாக ஓர் ஆராய்ச்சி செய்ய இந்த ஒரு வருஷத்துக்குக் கல்லூரியில் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அது நம் மலைச் செடியாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

வேர் நுனியைப் பார்க்க இத்தனை பாடா என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள், ஆனால் காயை அனுப்புங்கள்.

லீதியாளிடம் அத்தை விசாரித்ததாகச் சொல்லவும்.

அன்புடன்,
ஞானபாக்கியம்

*

போடிநாயக்கனூர்
4 அக்டோபர் 1937

கர்த்தருக்குள் பிரியமான ஞானத்துக்கு,

மதினி கிருபாவதி எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நாங்கள் யாவரும் சுகம். உன் சுகத்துக்கும் ஜெபிக்கிறோம். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. மாடிப்படி ஏறும்போது மட்டும்தான் ஞாபகப்படுத்துகிறது, அதனால் நான் மாடிக்குப் போவதை விட்டுவிட்டேன்.

நீ கேட்ட காய் பார்சலில் வருகிறது. மலையில் இருந்து ஈரக் காயும் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. உன் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "முப்பது வருசமா ஏலக்காக் கடை வச்சிருக்கேன். எந் தங்கச்சிக்கு அழுக்கும் பாசியுமா ஈரக் காயக் கட்டி அனுப்புறதா? மெட்ராசு போறதுக்குள்ள பூசணம் பூத்துரும். காலேஜுல நாலு பேரு பாத்தா நம்மளப் பத்தி என்ன நெனப்பாக?" என்றார். ஆகவே கடையில் இருந்ததிலேயே முதல் தரமாகப் பொறுக்கி, அதையும் இன்னொரு தரம் கரி அனலில் பதமாக வாட்டி, ஈரம் துளியும் இல்லாமல் எடுத்தார். காம்பை நறுக்க ஆளைக் கூப்பிடவில்லை. நானும் லீதியாளும் கத்தரிக்கோலோடு உட்கார்ந்து ஒவ்வொரு காயாக நறுக்கினோம். உன் அண்ணன் மேற்பார்வை. கலெக்டருக்கு அனுப்பினால்கூட இவ்வளவு பார்த்திருக்க மாட்டார்.

லீதியாள் வருகிற மார்ச்சில் பள்ளிப் பரீட்சை முடிக்கிறாள். பிறகு உன்னிடம் வந்து விஞ்ஞானம் படிக்க வேண்டுமாம். என் காதில் மட்டும் சொன்னாள். அவள் அப்பா காதுக்கு இன்னும் போகவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். விதை முளைத்ததும் எழுது.

உன் பிரியமுள்ள மதினி,
கிருபாவதி

*

சென்னை
25 அக்டோபர் 1937

அன்புள்ள மதினிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் மாடி ஏறாமல் இருப்பது நல்ல வைத்தியம்தான்.

பார்சல் வந்தது. பிரித்தபோது வராந்தா முழுவதும் வாசம். எங்கள் தலைமைப் பேராசிரியை பக்கத்து அறையில் இருந்து எழுந்து வந்து, இன்றைக்கு என்ன பாயசமா என்று கேட்டார். இவ்வளவு அழகாகக் காம்பு நறுக்கிய காயை நான் எங்கும் பார்த்ததில்லை. அண்ணனிடம் அவசியம் சொல்லுங்கள்.

விதைகளைத் தொட்டியில் போட்டிருக்கிறேன். தினமும் தண்ணீர் விடுகிறேன்.

லீதியாள் வரட்டும். அவளுக்குப் படிப்பு வரும். என் குடியிருப்பில் இன்னொரு கட்டில் போட இடமிருக்கிறது. அவளுக்குத் தாவரப் புத்தகம் ஒன்று தனியாக அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
ஞானம்

*

போடிநாயக்கனூர்
29 டிசம்பர் 1937

கர்த்தருக்குள் பிரியமான ஞானத்துக்கு,

கர்த்தர் கிருபையால் சுகம். பண்டிகை நல்லபடியாக முடிந்தது. நீ வரவில்லை என்று கோயிலில் எல்லாரும் கேட்டார்கள். முறுக்கு ஒரு டின் அனுப்பியிருக்கிறேன். அதையும் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடாதே, தின்று முடி.

விதை முளைத்ததா? உன் அண்ணன் வாய்விட்டுக் கேட்க மாட்டார். சாப்பிட உட்காரும்போது, "மெட்ராசுல மழையாமா?" என்பார். மெட்ராஸ் மழையைப் பற்றி அவருக்கு என்ன கவலை? விதையைத்தான் கேட்கிறார்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தேனியில் இருந்து லீதியாளைப் பெண் கேட்டு வந்தார்கள். பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற நம் சபைக்காரர்கள். பையனும் நல்ல பையன். குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் சங்கடம். ஈஸ்டர் கழிந்ததும் பதில் சொல்வதாக உன் அண்ணன் சொல்லி அனுப்பினார். அன்றைக்குத்தான் லீதியாள் வாயைத் திறந்தாள். "அப்பா, நான் அத்தை மாதிரி படிக்கணும்" என்றாள். அந்த 'அத்தை மாதிரி'தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

"அவ மாதிரியா? அவளுக்கு எல்லாம் பூச்சியும் புல்லுமாப் போச்சு. கடைசியா இங்கன வந்தப்பப் பாத்தியா? சபையே எந்திரிச்சு நின்னு பண்டிகைப் பாட்டுப் பாடுது, இவ சன்னல்ல ஒட்டியிருந்த பூச்சியப் பாத்துக்கிட்டு நிக்கிறா. எதையும் அறுத்து அறுத்துப் பாத்தவளுக்கு ஆச்சரியம் எங்கிட்டு இருக்கும்? சாமி எங்கிட்டு இருக்கும்? எம் மகளும் அப்பிடி வறண்டு போகணுமா?" என்றார். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்குப் பேசியிருப்பேன். வருத்தமாகச் சொன்னார்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். உன் கடிதம் வந்தால் அவர் முதல் வரியை மட்டும்தான் படிப்பார். 'கர்த்தர் கிருபையால் சுகம்' என்று இருக்கிறதா என்று பார்ப்பார். நம் வீட்டில் யார் யாருக்கு எழுதினாலும் அப்படித்தானே ஆரம்பிப்போம்? நீ சில வருஷங்களாக அதை எழுதுவதில்லை. 'நான் நன்றாக இருக்கிறேன்' என்கிறாய். அவர் உடனே மடித்து என் கையில் கொடுத்துவிடுவார்.

ஞானம், அடுத்த கடிதத்தை அந்த ஒரு வரியோடு ஆரம்பி. அதை வைத்து மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். உனக்கு என்ன நஷ்டம்? கொஞ்சம் மை கூடச் செலவாகும். என் மகளுக்குப் படிப்புக் கிடைக்கும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
மதினி

*

சென்னை
20 ஜனவரி 1938

அன்புள்ள மதினிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். முறுக்கு ஒன்றுகூட உடையாமல் வந்தது. பரீட்சைத் தாள்கள் குவிந்து கிடப்பதால் கார்டில் எழுதுகிறேன். விதை நாளாகும் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். நீங்கள் கேட்டதை மறக்கவில்லை. லீதியாளை நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள்.

ஞானம்

*

போடிநாயக்கனூர்
15 பிப்ரவரி 1938

கர்த்தருக்குள் பிரியமான ஞானத்துக்கு,

கர்த்தர் கிருபையால் சுகம். உன் கார்டு வந்தது. உன் அண்ணன் முதல் வரியைப் பார்த்தார், சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். முறுக்கு உடையவில்லை என்று எழுத இடம் இருந்தது, நான் கேட்ட வரிக்கு இடம் இல்லையாக்கும்?

கோபமாகத்தான் எழுதுகிறேன். தேனிக்காரர்கள் நேற்றும் ஆள் அனுப்பினார்கள். நான் எத்தனை நாள்தான் காப்பியைக் கொடுத்தே சமாளிப்பது?

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். அதற்காக ஒரு நாளும் மூலையில் உட்கார்ந்து அழுததில்லை. எனக்கு இந்த வீடும் சபையும் மகளும் போதும், உன் அண்ணனையும் சேர்த்துக்கொள். என் வாழ்க்கை நிறைவாக இருக்கிறது. ஆனால் லீதியாளுக்கு வேறே பசி. பண்டிகை லீவில் சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. கொல்லையில் போய்ப் பார்த்தால் எறும்புப் புற்றுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறாள். "அம்மா, இங்கேரு, செத்த எறும்பத் தூக்கிட்டுப் போயி ஒரே எடத்துல போடுது" என்றாள். திட்டுவதற்காகப் போன நானும் உட்கார்ந்துவிட்டேன். சோறு ஆறிப் போயிற்று.

அதனால் எனக்காகவும் ஒன்று கேட்கிறேன். உனக்கு இன்னமும் ஆச்சரியமாக இருக்கிறதா? வருஷக்கணக்காகப் பார்த்தால் பழகிப் போய்விடாதா? உன் அண்ணன் சொல்கிற மாதிரி மனசு வறண்டுதான் போகுமா? அப்படி என்றால் அதையும் சொல்லிவிடு. தெரியாமல் மகளை அனுப்ப எனக்கும் பயமாக இருக்கிறது.

மதினி

*

சென்னை
20 மார்ச் 1938

அன்புள்ள மதினிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன்.

இந்த வரியைப் பார்த்ததும் உங்களுக்கு எரிச்சல் வந்திருக்கும். நீங்கள் கேட்ட வரியோடு ஆரம்பித்துப் பார்க்காமல் இல்லை. எழுதினேன், கையெழுத்துக்கூட நன்றாக வந்தது. உறையில் போட மனம் வரவில்லை. கிழித்துவிட்டு மறுபடி எழுதி, மறுபடி கிழித்தேன். இத்தனை நாள் பதில் வராததற்கு அதுதான் காரணம், பரீட்சைத் தாள் அல்ல.

எங்கள் வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தன் கண்ணால் காணாததைப் படத்தில் வரையக் கூடாது. புத்தகத்தில் இருக்கிறது, பக்கத்து மேஜைக்காரி வரைந்திருக்கிறாள் என்று ஒரு கோடுகூடப் போடக் கூடாது. மாணவியாக இருந்தபோது பழகியது, மெல்ல மெல்லக் கடிதத்துக்கும் வந்துவிட்டது. 'கிருபையால்' என்று என் கை தானாக எழுதிக்கொண்டிருந்தது. ஒரு நாள் நிறுத்தி, இதை நினைத்துத்தான் எழுதுகிறேனா என்று கேட்டுக்கொண்டேன். இல்லை. அதனால் விட்டேன். எனக்கு நம்பிக்கை போய்விட்டது என்று அண்ணன் நினைக்கிறார். போயிற்றா, இருக்கிறதா என்று எனக்கே சில நாள் ஒரு மாதிரியும் சில நாள் இன்னொரு மாதிரியும் தோன்றுகிறது. தெரியாததைத் தெரிந்த மாதிரி எப்படி எழுதுவேன்?

இன்னொரு உண்மையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் அனுப்பிய விதை முளைக்கவில்லை, இனி முளைக்கவும் செய்யாது. அனலில் வாட்டிய காயில் வாசம் இருக்கும், உயிர் இருக்காது. பார்சலைப் பிரித்தவுடனே எனக்குத் தெரிந்தது. பச்சைக் காய்க்கு மறுபடி எழுதியிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு காயிலும் காம்பு அவ்வளவு சுத்தமாக நறுக்கியிருந்தது. அதைப் பார்த்த பிறகு எழுதக் கை வரவில்லை. அதனால் விதைத்தேன், தண்ணீரும் விட்டேன், இப்போதும் விடுகிறேன். இந்த வருஷத்து ஆராய்ச்சி நின்றுபோயிற்று. அதில் எனக்கு வருத்தம் உண்டு, கோபம் கொஞ்சமும் இல்லை.

ஏலக்காய் இல்லாததால் வெங்காயத்தோடு குடித்தனம் செய்கிறேன். வெங்காயத்தின் வேர் நுனியை நறுக்கிச் சாயம் ஏற்றிப் பார்த்தால் சின்னச் சின்ன அறைகளாகத் தெரியும். ஒவ்வோர் அறைக்குள்ளும் நூல் மாதிரி இழைகள். ஓர் அறை இரண்டாகப் பிரியும் முன்பு ஒவ்வோர் இழையும் தன்னைப் போல் இன்னொன்றை உண்டாக்கிக்கொள்கிறது. எல்லாம் நடுவில் வந்து வரிசையாக நிற்கின்றன. பிறகு ஜோடியில் ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். தடுமாற்றம் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. இதே காரியம் உங்கள் விரல் நுனியிலும் லீதியாள் கன்னத்திலும் இந்த நிமிஷம் நடந்துகொண்டிருக்கிறது, மதினி. முதல் தடவை பார்த்தபோது நான் அழுதுவிட்டேன். வெங்காயத்தால் நீங்களும் அழுகிறீர்கள், நானும் அழுகிறேன்.

பழகிப் போகாதா என்று கேட்டீர்கள். பழகத்தான் செய்கிறது. தலைவலிக்கிற நாளில் அது வெறும் வெங்காயம். பிறகு ஏதோ ஒரு காலையில், எந்தக் காரணமும் இல்லாமல், மறுபடி பிடித்துக்கொள்ளும். அறுத்துப் பார்ப்பதால் ஆச்சரியம் குறைந்ததாக எனக்கு நினைவில்லை. ஒன்று தெரிந்தால் அதற்குப் பின்னால் தெரியாதது நாலு வந்து நிற்கிறது.

போன மாதம் ஒரு மாணவி எங்கள் தலைமைப் பேராசிரியையிடம், மனுஷ வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்று விஞ்ஞானம் சொல்லுமா என்று கேட்டாள். அவர் பாசியை ஆராய்ந்தே தலை நரைத்தவர். "பாசி எனக்கு அதைச் சொன்னதில்லை. ஆனால் பாசியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கேள்வி என்னைத் தொந்தரவு செய்ததும் இல்லை" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அது பெரிய பதிலாகப் பட்டது. எப்படி நடக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் தெரிகிறது. ஏன் நடக்கிறது என்று தெரியவில்லை. அம்மா போனபோது ஏன் என்று கேட்டேன், மைக்ராஸ்கோப்பில் பதில் இல்லை. ஆனால் அந்த வாரம் என்னைச் சோறு தின்ன வைத்ததும் தூங்க வைத்ததும் இந்த வேலைதான்.

சன்னலில் இருந்த பூச்சி பச்சை நிற அந்துப்பூச்சி. பாட்டும் என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. அந்தப் பாட்டோடு சேர்த்துப் பார்த்தபோது அது இன்னும் அழகாக இருந்தது. அண்ணன் பக்கத்தில் வந்திருந்தால் காட்டியிருப்பேன்.

இந்தக் கடிதத்தை அண்ணனிடம் காட்டினால் லீதியாளின் படிப்பு போய்விடலாம். தெரிந்தேதான் அனுப்புகிறேன். காட்டுவதும் மறைப்பதும் உங்கள் இஷ்டம். ஆனால் என் பேரில் பொய் மட்டும் சொல்ல வேண்டாம். பொய் சொல்லி வாங்கிக் கொடுத்த படிப்பு அந்தப் பெண்ணுக்கு ருசிக்காது.

அன்புடன்,
ஞானம்

*

போடிநாயக்கனூர்
22 ஏப்ரல் 1938

கர்த்தருக்குள் பிரியமான ஞானத்துக்கு,

கர்த்தர் கிருபையால் சுகம். முழங்காலும் சுகம். பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம், உன் கடிதத்தை என் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு பயந்ததுதான். பரீட்சை முடிந்து வந்த லீதியாளிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, "அப்பாகிட்டக் காட்டிருங்கம்மா. என்ன ஆனாலும் சரி" என்றாள்.

ஈஸ்டர் அன்று சாப்பாடு முடிந்ததும் கொடுத்தேன். வழக்கம் போல முதல் வரியைப் பார்த்தார், மடித்து நீட்டினார். நான் கையை நீட்டவில்லை. "இன்னைக்கு முழுசும் படிங்க. படிக்காட்டி நாளைக்கு அடுப்புப் பத்தாது" என்றேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். விதை விஷயம் வந்த இடத்தில் நின்றுவிட்டார்.

"செத்த காயவா அனுப்பினேன்?" என்றார்.

நான் சாப்பிட்ட தட்டுகளை எடுத்து அடுக்கினேன்.

"அவ அப்பவே சொல்லிருந்தா அடுத்த பஸ்ஸுல வேற காய் அனுப்பிருப்பேன்ல? ஏன் சொல்லல?"

"ஒங்க மனசு நோகும்னுதான்."

எழுந்து போய்க் கொல்லையில் நின்றார். திரும்பி வந்து மீதியையும் படித்தார். "அஞ்சு மாசமா செத்த வெதைக்குத் தண்ணி ஊத்திருக்கா, கிறுக்கி" என்றார். திட்டத்தான் செய்தார், ஆனால் கடிதத்தை என்னிடம் நீட்டாமல் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இந்த வருஷம் காய் வந்ததும், பூசணம் பூத்தாலும் சரி, ஈரத்தோடு உனக்கு அனுப்ப வேண்டும் என்று கடையில் உத்தரவு போட்டிருக்கிறார். உன் கல்லூரியில் இன்னொரு வருஷம் கேட்டுப் பார்.

ஆனால் படிப்புக்குச் சரி என்று சொல்லவில்லை. தேனிக்காரர்களிடம் இன்னும் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லியிருக்கிறார். அதற்குள் லீதியாளைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போகப் போகிறாராம். எதற்கு என்று கேட்டேன். "செடியப் பாக்கணும்" என்றார். முப்பது வருஷம் பார்க்காத செடியையா என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். நீ பொய் எழுதாதது எனக்கு அன்றைக்குக் கோபம். இன்றைக்கு இல்லை.

மதினி

*

போடிநாயக்கனூர்
20 மே 1938

கர்த்தருக்குள் அன்பான அத்தைக்கு,

லீதியாள் எழுதிக்கொள்வது. நாங்கள் சுகம். நீங்கள் சுகமா? எழுத நிறைய இருக்கிறது, அதனால் விசாரிப்பைக் குறைத்துக்கொண்டேன், மன்னிக்கவும்.

நானும் அப்பாவும் மலைக்குப் போய் வந்தோம். வழியில் நல்ல மழை. அட்டை கடித்து அப்பா காலெல்லாம் ரத்தம். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவாசி அண்ணன் எங்களைக் கண்டதும் பதறிவிட்டார். "என்ன மொதலாளி, இந்த மாசத்துல வந்திருக்கீக? காய் ஒண்ணும் இல்லையே" என்றார்.

"காய்க்கு வரல. பூவப் பாக்க வந்தேன்" என்று அப்பா சொன்னார்கள். அம்மாவாசி அண்ணன் என் முகத்தைப் பார்த்தார், நான் மழையைப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் தோட்டத்துக்குள் போனோம். அப்பா காய் வாங்குகிற காலத்தில் மட்டும்தான் மலைக்கு வருவார்கள். அதுவும் ஸ்டோரோடு சரி. பூவைப் பார்த்ததே இல்லையாம். இலையெல்லாம் ஆள் உயரத்துக்கு மேலே இருந்தாலும் பூ என்னவோ தரையோடு தரையாகத்தான் கிடக்கிறது. நின்றுகொண்டு பார்த்தால் ஒன்றும் தெரியாது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் முழங்கால் போட்டார்கள். அத்தை, அவ்வளவு சின்னப் பூ! வெள்ளை இதழ், நடுவில் ஊதா நிறத்தில் மெல்லிய கோடு கோடாக, யாரோ பேனாவால் இழுத்த மாதிரி. ஒரு தேனீ வந்து அந்தக் கோட்டின் வழியாகவே உள்ளே போயிற்று.

"கோடு எதுக்கு?" என்று அப்பா கேட்டார்கள்.

"தேனீக்கு வழி காட்டுறதுக்குன்னு அத்தை அனுப்பின புத்தகத்துல இருக்குப்பா. ஒரு பூவுக்கு ஒரு நாளுதான். சாயங்காலத்துக்குள்ள தேனீ வரலன்னா உதுந்து போயிரும், காய் புடிக்காது."

"வராட்டி காயே இல்லையா?"

"இல்லப்பா."

அப்பா அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். இன்னொரு தேனீ வந்தது. அது எந்தப் பூவுக்குப் போகிறது என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒரு பூவை அது விட்டுவிட்டுப் போனபோது, "ஏலே, இங்கன ஒண்ணு இருக்கு பாரு" என்று அதனிடம் சொன்னார்கள்! பிறகு சிரித்தார்கள். "முப்பது வருசமா இந்தத் தேனீ தயவுலயா கஞ்சி குடிச்சிருக்கேன்? எனக்குத் தெரியலையே தாயி. நாந்தான் யாவாரம் பண்ணுறேன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார்கள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

அம்மாவாசி அண்ணன் கஞ்சி ஆறுகிறது என்று வந்து வந்து கூப்பிட்டார். அப்பா எழுந்திருக்கவில்லை. "செத்த இருப்பா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு தினமும் என் புத்தகத்தை எடுத்துப் படம் பார்க்கிறார்கள். ஆங்கிலம் தெரியாது, படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். படிப்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. நாளைக் காலையில் தேனிக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சரி சொல்லப் போகிறார்களா, இல்லை சொல்லப் போகிறார்களா என்று கேட்க எனக்கும் தைரியம் இல்லை, அம்மாவுக்கும் இல்லை. எனக்காகக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள், அத்தை.

உங்கள் அன்புள்ள
லீதியாள்

*

போடிநாயக்கனூர்
5 ஜூன் 1938

கர்த்தருக்குள் பிரியமான தங்கை ஞானத்துக்கு,

அண்ணன் ஜேசுராஜ் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நான் சுகம். நீ சுகமா? நீ எந்த வார்த்தையில் எழுதினாலும் சரி, சுகமாக இருக்கிறேன் என்று எழுது. இனி முழுதும் படிப்பேன்.

கடைக் கடிதம் தவிர வேறு எழுதி எனக்குப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

தேனிக்கு நானே போனேன். பெண் மேலே படிக்கப் போகிறாள், இப்போதைக்குக் கல்யாணம் இல்லை என்று சொன்னேன். அவர்கள் மனம் கோணவில்லை, சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் மதினி பட்ட முழங்கால் வலியையெல்லாம் மறந்து மாடிக்கு ஓடி லீதியாளைக் கட்டிக்கொண்டாள்.

உன் மார்ச் மாதக் கடிதத்தில் பாதி எனக்குப் புரியவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. நீ அந்த வரியைப் போட்டிருந்தால் நான் நம்பியிருப்பேன். யாருக்கும் தெரிந்திருக்காது. நீ போடவில்லை. இவ்வளவு நேர்மையாக இருக்கிறவளிடம் என் மகள் இருந்தால் கெட்டுப் போக மாட்டாள் என்று அன்றைக்கே தோன்றியது. அதைச் சொல்லத்தான் இத்தனை நாள் ஆனது.

சாமியைப் பற்றி நான் பயந்தது நிஜம். ஆனால் அது மட்டும் இல்லை. நீ எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பாய், உன் முகம் மலர்ந்திருக்கும், நீ பார்ப்பது என்ன என்று எனக்குத் தெரியாது. கேட்டால் எனக்குப் புரியாது என்று கேட்டதும் இல்லை. மகளும் உன் பக்கம் போய்விட்டால் நான் மட்டும் தனியாக இந்தப் பக்கம் நின்றுவிடுவேனோ என்று இருந்தது. வறண்டு போவாள் என்று உன் மதினியிடம் நான் சொன்னதெல்லாம் அதைத்தான்.

கல்லூரி திறக்கிற தேதியை எழுது. லீதியாளை நானே ரயிலில் கூட்டிக்கொண்டு வருகிறேன். அது பெண்கள் கல்லூரி. உள்ளே ஆம்பளைகளை விடுவார்களா, மாட்டார்களா என்று உங்கள் தலைமை அம்மாவிடம் கேட்டு எழுது. விடுவார்கள் என்றால் நீ வெங்காயம் பார்க்கிற அந்தக் கண்ணாடியில் எனக்கும் ஒரு தடவை காட்டு. விடமாட்டார்கள் என்றால் பரவாயில்லை, நான் கேட்டுக்கு வெளியே நிற்கிறேன், நீ பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
ஜேசுராஜ்